தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை

மழலையர் வகுப்பு ஒன்றில் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தால், ஆசிரியர் பெரிதாக எதுவும் செய்யாதது போலத்தான் தெரியும். பலகைப் பக்கம் போவதில்லை, குரலை உயர்த்துவதில்லை, பெரும்பாலும் தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிடுகிறார், இன்னொரு குழந்தை நீட்டுகிற கிறுக்கலைப் பார்த்து ஏதோ கேட்கிறார், நடுவில் சின்ன நோட்டு ஒன்றில் இரண்டு வரி எழுதிக்கொள்கிறார். "சும்மா விளையாட விட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இந்த வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், இதைக் கேட்காத வருஷம் ஒன்றுகூட இல்லை. அந்த "சும்மா"வுக்குள் என்ன நடக்கிறது, ஆசிரியர் எதைப் பார்க்கிறார், பார்த்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஏனென்றால் இந்த வயதில் கற்பிப்பதில் முக்கால்வாசி கவனிப்பதுதான். மீதி, கவனித்ததற்குப் பிறகு சரியான நேரத்தில் மிகச் சின்னதாக ஒன்றைச் செய்வது.

ஒரு உதாரணம். மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒருத்தி கட்டை அடுக்குகிறாள். கீழே சின்னக் கட்டை, அதன் மேல் பெரியது, அதற்கும் மேல் இன்னும் பெரியது. விழுகிறது. திரும்ப அதே மாதிரி அடுக்குகிறாள், திரும்பவும் விழுகிறது. இந்த இடத்தில் ஆசிரியருக்குப் பல வழிகள் இருக்கின்றன. பெரிய கட்டையை எடுத்து நாமே கீழே வைத்துவிடலாம், வேலை நொடியில் முடிந்துவிடும், ஆனால் யோசித்தது நாம்தான், அவள் இல்லை. "பெருசைக் கீழ வை" என்று வாயால் சொல்லலாம். "மேல இருக்கிறதையும் தொட்டுப் பாரு, கீழ இருக்கிறதையும் தொட்டுப் பாரு, எது பெருசா இருக்கு?" என்று கேட்கலாம். அல்லது பக்கத்தில் உட்கார்ந்து எதுவுமே சொல்லாமல் இன்னொரு தடவை விழட்டும் என்று விடலாம். இதில் எது சரி என்பது அவள் முகத்தில் இருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டையைத் தேடுகிறாள் என்றால் வாயைத் திறக்கவே கூடாது. கட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து போகப் பார்க்கிறாள் என்றால் உடனே ஒரு படி உதவி வேண்டும், ஒரே ஒரு படி. அது போதாவிட்டால் இன்னொரு படி. அவள் பிடித்துக்கொண்டதும் நாம் விலகிவிட வேண்டும், விலகுவதுதான் கஷ்டமான பகுதி.

1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூன்று பேரும் 3 முதல் 5 வயது வரையான குழந்தைகளை மரக்கட்டைகளால் ஒரு பிரமிடு கட்டவைத்துப் பார்த்து எழுதியது ஏறக்குறைய இதைத்தான். குழந்தை திணறும்போது உதவியைக் கூட்டுவது, முன்னேறும்போது குறைப்பது, கடைசியில் உதவியே இல்லாமல் நிற்கவைப்பது. கட்டடத்துக்குச் சாரம் கட்டி அப்புறம் பிரித்துவிடுவது போல என்பதால் அந்தப் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதற்கு முன்பே, 1934-இல் இறந்துபோன ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, இன்றைக்கு ஒருவர் துணையோடு செய்கிறதை நாளைக்குக் குழந்தை தனியாகச் செய்யும், கற்பிப்பவர் நிற்க வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என்று சொல்லிவிட்டார். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது சுலபம். ஒரே அறையில் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த இடம் ஒவ்வொரு உயரத்தில் இருக்கிறது, அது வாரத்துக்கு வாரம் நகரவும் செய்கிறது. அந்தச் சின்ன நோட்டு அதற்காகத்தான்.

பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் சில வருஷங்களில் மூளையில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் புதிய நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் கணக்குச் சொல்கிறது. எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் அந்த இணைப்புகளில் எது நிலைக்கும், எது உதிரும் என்பதில் யாராவது திரும்பப் பதில் சொல்கிறார்களா என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. குழந்தை ஒன்றைக் காட்டுகிறது, நாம் அதைப் பார்த்து ஏதோ சொல்கிறோம், அது மறுபடி ஏதோ சொல்கிறது. இந்தப் போக்குவரத்துதான் முக்கியம். 2018-இல் ரேச்சல் ரோமியோவும் சக ஆய்வாளர்களும் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் பார்த்ததிலும் இதே விஷயம் வந்தது. குழந்தையின் காதில் எத்தனை சொற்கள் விழுகின்றன என்பதைவிட, பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்கிற விதத்தோடு நெருக்கமாக ஒட்டி வந்தது.

வகுப்பில் இது எப்படி இருக்கும்? ஒரு பையன் ஜன்னலைக் காட்டி "பூச்சி" என்கிறான். "ஆமா, பூச்சி, வா வந்து உட்காரு" என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. "ஆமா, கண்ணாடியில ஊர்ந்து போகுதே, எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது என்று நான் சொல்வது நிஜமாகவே சும்மா இருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள், உடனே அடுத்த கேள்வி அல்லது பதிலையே அவர்களே சொல்லிவிடுவது. அந்த ஒரு நொடியை மூன்று நொடி ஆக்கியபோது குழந்தைகளின் பதில் நீண்டது, வாயே திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அவர் பார்த்தது கொஞ்சம் பெரிய குழந்தைகளின் வகுப்புகளை. மூன்று வயதுக்காரர்களுக்கு மூன்று நொடியும் போதாது என்பது என் அனுபவம். சொல் மனதில் கிடைத்து, அது வாய்க்கு வந்து, உருப்பெற்று வெளியே வர அவர்களுக்கு நேரம் வேண்டும். பூச்சியைக் காட்டிய அந்தப் பையன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் கேட்டதையே மறந்துவிட்டான் என்று நினைக்கிற நேரத்தில் "அம்மாகிட்ட" என்பான். பூச்சி அம்மாவிடம் போகிறது. அவனும் சாயங்காலம் அம்மாவிடம் போகப்போகிறான், அதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

கதை வாசிப்பதும் இப்படித்தான். ஒரே மூச்சில் படித்து முடித்து மூடிவைப்பது ஒரு வகை, அதுவும் நல்லதுதான், தூங்குவதற்கு முன்னால் அதுதான் வேண்டும். வகுப்பில் வேறு மாதிரி படிக்கிறோம். நடுவில் நிறுத்தி "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்பது, "நாய்" என்று குழந்தை சொன்னால் "ஆமா, நனைஞ்சுபோன நாய்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது, மெதுவாகக் கதை சொல்கிற வேலையையே குழந்தையிடம் தள்ளிவிடுவது. குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் இந்த முறையைச் சோதித்தார்கள். இப்படி வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகள், வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சில் முன்னே போனார்கள். அதே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். கதை பழகிவிட்டால்தான் குழந்தையால் அதற்குள் புகுந்து பேச முடிகிறது.

சரி, இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம். எழுத்து. மூன்று வயதுக் குழந்தை பென்சில் பிடித்து எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிற பெற்றோர் இருக்கிறார்கள், அப்படி எழுதவைக்கிற பள்ளிகளும் இருக்கின்றன. இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. பிறக்கும்போது மணிக்கட்டில் இருக்கிற எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அவை ஒவ்வொன்றாகக் கெட்டியாகிக்கொண்டே வந்து, கடைசி எலும்பு கெட்டியாகத் தொடங்கவே பெரும்பாலும் எட்டு வயதைத் தாண்டிவிடும். பென்சிலைப் பிடிக்கிற விதமும் அப்படியே, முதலில் முழு முஷ்டி, அப்புறம் எல்லா விரலும் சேர்ந்து, நாலு வயதை ஒட்டித்தான் மூன்று விரல் பிடி வருகிறது, அந்த விரல்கள் மட்டும் தனியாக அசைந்து எழுதுவதற்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம். கை தயாராகாத குழந்தையை எழுதவைத்தால் தோளிலிருந்து எழுதும், பென்சிலை நெரிக்கும், தாள் கிழியும், கொஞ்ச நாளில் நோட்டைப் பார்த்தாலே முகம் மாறும்.

அதனால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்றால், களிமண் கொடுக்கிறார். தாளைக் கிழிக்கக் கொடுக்கிறார், நூலில் மணி கோக்கவைக்கிறார், ஈரமான பஞ்சைப் பிழியவைக்கிறார், சொட்டு சொட்டாகத் தண்ணீரை எடுத்து ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றவைக்கிறார், தாளைச் சுவரில் ஒட்டி நின்றபடி வரையவைக்கிறார். நிமிர்ந்த பரப்பில் வரையும்போது மணிக்கட்டு தானாகவே பின்பக்கம் மடங்கி, எழுதுவதற்கு வேண்டிய நிலைக்கு வந்துவிடும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. களிமண்ணை உருட்டுகிற குழந்தையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். முதலில் உள்ளங்கையால் போட்டு அறைவார்கள். சில வாரம் கழித்து இரண்டு கைக்கு நடுவில் வைத்து உருட்டுவார்கள், ஒரு கை அசையும், மற்றது அப்படியே நிற்கும். அப்புறம் ஒருநாள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்து ஒரு நுனியைக் கிள்ளி எடுத்து அதற்கு மூக்கு என்று பெயர் வைப்பார்கள். அந்தக் கிள்ளல்தான் பென்சில் பிடி. நோட்டில் ஒரு எழுத்தும் இல்லாவிட்டாலும் எழுத்துக்கான வேலை பாதி முடிந்தாகிவிட்டது.

எண்களிலும் இதே மாதிரி வெளியே தெரியாத ஒரு படி இருக்கிறது. நாலு வயதை ஒட்டிய ஒரு குழந்தை ஐந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று சரியாக எண்ணுகிறது. "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். எண்ணத் தெரிகிறது, ஆனால் கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. நூறு வரை ஒப்பிக்கிற குழந்தையும் இந்த இடத்தில் நிற்கலாம். இதைப் பார்த்துவிட்ட ஆசிரியர் ஒப்பிக்கிற எண்ணிக்கையைக் கூட்டமாட்டார், "அஞ்சு பொத்தான் இருக்கு" என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் எண்ணிக் காட்டுவார், "எனக்கு மூணு தா" என்று கேட்பார், தட்டில் எல்லோருக்கும் ஒவ்வொன்று வைக்கச் சொல்வார். ஒருநாள் அந்தக் குழந்தை எண்ணி முடித்து, யாரும் கேட்காமலேயே "அஞ்சு இருக்கு!" என்று நிமிர்ந்து பார்க்கும். நோட்டில் எழுதிவைக்க வேண்டிய நாள் அது.

பாவனை விளையாட்டைப் பற்றி ஒன்று. டாக்டர் விளையாட்டில் நோயாளியாக இருக்கிற குழந்தை தன் முறை வரும்வரை உட்கார்ந்திருக்கும். அதே குழந்தை வேறு எந்த நேரத்திலும் ஒரு நிமிஷம் உட்காராது. ஏனென்றால் நோயாளி என்றால் காத்திருக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி, விதியை விட்டால் விளையாட்டே போய்விடும். வைகோட்ஸ்கி இதையும் கவனித்திருந்தார், தன் ஆசையை அடக்கி ஒரு விதிக்கு உட்படுவதைக் குழந்தை முதலில் விளையாட்டில்தான் விரும்பிச் செய்கிறது என்றார். குழந்தைகள் வேலை செய்யும்போது தமக்குத் தாமே முணுமுணுப்பதையும், "இதை இங்க வைக்கணும், இது வேண்டாம், இப்ப மூடணும்" என்று, அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டார். அது பின்னாளில் மனதுக்குள் நடக்கிற யோசனை, இப்போதைக்குச் சத்தமாக நடக்கிறது. அதனால் "பேசாம செய்" என்று சொல்கிற ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பாவனை விளையாட்டில் ஆசிரியரின் பங்கு பெரும்பாலும் பொருட்களை வைப்பதுதான், ஒரு பழைய தொலைபேசி, ஒரு துணி, ஒரு அட்டைப்பெட்டி. விளையாட்டு தேய்கிறது என்று தெரிந்தால் மட்டும் "டாக்டர், இங்க இன்னொருத்தருக்குக் கால்ல அடி" என்று உள்ளே நுழைந்து, சூடுபிடித்ததும் வெளியே வந்துவிடுவது.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் குழந்தை முதலில் அந்த இடத்தில் பயமில்லாமல் இருக்க வேண்டும். பள்ளி தொடங்குகிற முதல் வாரங்களில் பாடத் திட்டம் எதுவும் எனக்கு இருக்காது. வாசலில் அம்மாவின் துப்பட்டாவை விடாத குழந்தை, அழாமல் ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தை, இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் கவனிப்பேன், அழுகிறவர்களைத் தூக்க ஆள் வந்துவிடும். உளவியலாளர்கள் ஜான் பௌல்பியும் மேரி ஐன்ஸ்வர்த்தும் குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றிச் சொன்னதன் சாரம், நம்பிக்கையான ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் குழந்தை விலகிப் போய்ச் சுற்றிப் பார்க்கும், பயந்தால் அந்த ஆளிடம் திரும்பி வரும் என்பதே. பள்ளியில் அந்த ஆள் ஆசிரியராக ஆக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும், தினமும் காலையில் அதே முகம் அதே வாசலில் நிற்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தை பார்க்காத நேரத்தில் நழுவிப் போய்விடாதீர்கள். அழுகை அப்போதைக்குக் குறைவது போலத் தெரியும், ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை விளையாடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "நான் போயிட்டு, நீ தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள், அழுகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சண்டைகள். தினமும் உண்டு. பிடுங்குவது, தள்ளுவது, இரண்டு வயதை ஒட்டியவர்கள் என்றால் கடிப்பதும். கடிக்கிற குழந்தையைக் கெட்ட குழந்தை என்று பேசும்போது எனக்குக் கோபமே வரும், ஏனென்றால் சொல் இல்லாதபோது பல் வருகிறது, அவ்வளவுதான். "ஸாரி சொல்லு" என்று வற்புறுத்தினால் குழந்தை ஸாரி என்ற ஒலியைக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாக முதலில் அடிபட்ட குழந்தையைத் தேற்றுகிறோம், அப்புறம் அடித்த குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, "உனக்கு அந்த வண்டி வேணும். கோபம் வந்துடுச்சு. அடிச்சா அவனுக்கு வலிக்கும். 'நீ முடிச்சதும் எனக்குத் தா'ன்னு கேளு" என்று, அதே சொற்களை, அதே குரலில், எத்தனை தடவை வேண்டுமானாலும். அந்த வயதில் குழந்தையால் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ள முடியாது, பக்கத்தில் இருக்கிற பெரியவரின் அமைதியைத்தான் கடன் வாங்கிக்கொள்கிறது. நாம் பதறினால் அதற்கு வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. இன்னொன்றையும் எதிர்பார்த்துவிடக்கூடாது: எனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதே குழந்தைகளுக்கு நாலு வயதை ஒட்டித்தான் தெளிவாகப் புரியத் தொடங்குகிறது. இரண்டு வயதுக் குழந்தையிடம் "அவன் இடத்துல இருந்து யோசிச்சுப் பாரு" என்பதில் பயனில்லை.

ஓடி ஆடுவதற்கு ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன்: 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி இருக்க வேண்டும், திரை நேரம் ஒரு மணிக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை. வெளியே போகிற நேரத்தைத் தண்டனையாகப் பிடுங்குவது எந்த விதத்திலும் உதவாது.

இனி, கவனிப்பதால் கிடைக்கிற இன்னொரு பயன். பெற்றோர் தங்கள் ஒன்றிரண்டு குழந்தைகளைப் பார்க்கிறார்கள், ஆசிரியர் ஒரே வயதில் பலரைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறார், அதனால் வித்தியாசம் சீக்கிரம் கண்ணில் படும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தை எப்போதும் பிடிவாதக்காரக் குழந்தை இல்லை. சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் கேட்பது மங்கிவிடும், ஒருநாள் கேட்கும், ஒருநாள் கேட்காது, வீட்டில் "வேணும்னா மட்டும் கேக்குது" என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். முதுகுப் பக்கம் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். நோய்க்குப் பெயர் வைப்பது எங்கள் வேலை கிடையாது, வைக்கவும் கூடாது. பார்த்ததை எழுதிவைத்துப் பெற்றோரிடம் அப்படியே சொல்ல வேண்டும்: "கதை நேரத்துல பின்னாடி உட்கார்ந்தா கவனிக்கிறதில்லை, முன்னாடி உட்கார்ந்தா சிரிக்கிறா, போன ரெண்டு வாரமா பாத்துட்டு வரேன், ஒருதடவை காதைக் காட்டிடலாமா?" இப்படிச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. "உங்க குழந்தைக்கு ஏதோ பிரச்சனை இருக்கு" என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை அவர்கள் காதில் விழாது.

அதேபோல வீட்டில் பேசுகிற மொழி. வகுப்பு மொழி வேறாக இருந்தால், வீட்டிலும் வகுப்பு மொழியிலேயே பேசுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அம்மாவுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் கதையும் தடையில்லாமல் வருகிறதோ அந்த மொழிதான் குழந்தைக்கு வேண்டும். ஒரு மொழியில் ஊன்றிய குழந்தை அடுத்த மொழியை அதன் மேல் கட்டிக்கொள்ளும். நான் செய்வது, வீட்டு மொழியில் தண்ணீர், வலிக்கிறது, அம்மா வருவாங்க, பாத்ரூம் என்ற நாலு சொற்களையாவது பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்வது.

இதனால் எல்லாம் பின்னால் என்ன ஆகிறது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் 1962-இல் தொடங்கியது. வறுமையில் இருந்த 123 கறுப்பினக் குழந்தைகள், அதில் 58 பேருக்கு நல்ல பாலர் பள்ளி, 65 பேருக்கு இல்லை. வார நாட்களில் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு, ஏறக்குறைய ஆறு குழந்தைக்கு ஒரு ஆசிரியர், வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் ஆசிரியரே வீட்டுக்குப் போவார். என்ன விளையாடப்போகிறேன் என்று குழந்தையே சொல்லும், செய்யும், முடிந்ததும் என்ன செய்தேன் என்று பேசும். முதலில் நுண்ணறிவுச் சோதனையில் இந்தக் குழந்தைகள் முன்னே போனார்கள், சில வருஷங்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் "பயனில்லை" என்று எழுதியிருப்பார்கள். ஆனால் தொடர்ந்து பார்த்தார்கள், 40 வயதில் வேலையில் இருந்தவர்கள் பாலர் பள்ளிக்குப் போனவர்களில் 76 சதவீதம், போகாதவர்களில் 62 சதவீதம், கைதானவர்களும் பாலர் பள்ளிக்குப் போனவர்களில்தான் குறைவு. சின்ன ஆய்வுதான், எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் நிலைத்து நின்றது சோதனை மதிப்பெண் இல்லை என்பதும், காத்திருக்கவும் திட்டமிடவும் பிறரோடு சேர்ந்து இருக்கவும் பழகியதுதான் கூடவே வந்திருக்க வேண்டும் என்று பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் போன்றவர்கள் வாதிடுவதும் எங்கள் வேலையைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

அந்த ஆய்வில் எல்லோரும் முடிவைப் பேசுகிறார்கள், நான் பார்ப்பது ஆறு குழந்தைக்கு ஒரு ஆசிரியர் என்பதை. நான் மேலே எழுதிய எதையும் முப்பது குழந்தைகளோடு ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. மூன்று நொடி காத்திருக்க முடியாது, கட்டை விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, முகத்தைப் படிக்க முடியாது, கூட்டத்தைக் கட்டிக்காப்பதே நாள் முழுக்க வேலையாகிவிடும். சம்பளம் போதாமல் வருஷ நடுவில் ஆசிரியர் போய்விட்டால், அவரை நம்பி வாசலைத் தாண்டி வந்த குழந்தைகள் மறுபடி முதல் வாரத்துக்குத் திரும்புகிறார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. ஆண்டு விழாவுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தைக் குறைத்து இன்னொரு ஆளைப் போடுங்கள், ஒரே ஆசிரியர் அதே குழந்தைகளோடு இரண்டு வருஷம் இருக்க முடிகிறதா பாருங்கள். அப்புறம் குழந்தைகள் கிளம்பிய பிறகு, வேலை நேரத்துக்குள்ளேயே ஒரு அரை மணி கொடுங்கள், அன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுதி, நாளைக்கு எந்தக் கூடையில் என்ன வைக்க வேண்டும், யார் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.